நூறும் வயதும்

1944 மார்ச் கடைசி வாரம். நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்க இன்னும் பத்து வாரங்கள்தான் இருந்தன. அந்த நெருக்கடியில், வாஷிங்டனை ஒட்டியுள்ள பெத்தெஸ்டா கடற்படை மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு வந்தார் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். வயது 62. விடாத இருமல், தீராத சோர்வு, வெளிறிய முகம். அப்பாவைப் பார்த்துக் கவலைப்பட்ட மகள் ஆனா வற்புறுத்தியதால் ஏற்பாடான பரிசோதனை அது. ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதயநோய் மருத்துவர் கைப்பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தத்தை அளந்தார். 186/108. அதிபரின் இதயம் பெருத்துப்போயிருந்தது. இடது கீழறை ரத்தத்தை வெளியே தள்ள முடியாமல் திணறிக்கொண்டிருந்தது.

இது திடீரென வந்த கோளாறு அல்ல. பழைய குறிப்புகளைப் புரட்டினால் படிப்படியாக ஏறும் எண்கள் தெரிந்தன. 1935ல் 136/78. 1937ல் 162/98. 1941ல் 188/105. இத்தனை ஆண்டுகளும் அதிபரை ஒரு மருத்துவர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். ராஸ் மெக்கின்டையர் என்ற அந்தக் கடற்படை மருத்துவர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். இந்த வயதுக்காரருக்கு இந்த அளவு இயல்புதான் என்பது அவருடைய நிலைப்பாடு.

1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊரில், ஓவியர் ஒருவர் தன்னை வரைவதற்காக உட்கார்ந்திருந்த ரூஸ்வெல்ட், பின்மண்டையில் கடும் வலி என்று சொல்லிவிட்டு நினைவிழந்தார். புரூயன் ஓடிவந்து அளந்தபோது மேல் அளவு 300ஐத் தாண்டியிருந்தது, கீழ் அளவு 190. மூளையில் ரத்தக்கசிவு. அன்று பிற்பகலிலேயே உயிர் பிரிந்தது.

மெக்கின்டையர் ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. அந்தக் காலத்து இதயநோய்ப் பாடநூல்களை எழுதிய பெரிய டாக்டர்களே ஏறக்குறைய இதே கருத்தில்தான் இருந்தார்கள். வயதாக ஆக ரத்தக்குழாய்கள் குறுகுகின்றன, அவற்றின் வழியே ரத்தத்தைத் தள்ள உடல் தானாகவே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது, அதைக் குறைக்கப்போய் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் கிடைக்காமல் செய்துவிடக்கூடாது என்று அவர்கள் வாதிட்டார்கள். குறைக்க நினைத்தாலும் நல்ல மாத்திரை எதுவும் அப்போது இல்லை. புரூயனால் செய்ய முடிந்தது, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் கொடுத்து, உப்பையும் சிகரெட்டையும் குறைக்கச் சொன்னதுதான்.

எளிதாக நினைவில் நிற்க ஒரு சூத்திரமும் புழக்கத்தில் இருந்தது. வயதோடு நூறைக் கூட்டு. வரும் எண்தான் உனக்குரிய மேல் அளவு. நாற்பது வயதுக்கு 140, அறுபதுக்கு 160, எண்பதுக்கு 180. அந்தச் சூத்திரம் பாடநூல்களிலிருந்து போய்விட்டது, வீடுகளிலிருந்து போகவில்லை. பாட்டிக்கு 165 என்று காட்டினால், “வயசுக்கு இது சரிதான்” என்று சொல்லிக் கைப்பட்டையைச் சுருட்டி வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சராசரி செய்த குழப்பம்

ரத்தத்துக்கு அழுத்தம் உண்டு என்பதை முதலில் அளந்து காட்டியவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தின் ஸ்டீஃபன் ஹேல்ஸ், ஒரு பெண்குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் எட்டு அடிக்கும் மேலே எழும்பியது. 1733ல் அதை நூலாக வெளியிட்டார். மனிதர்களிடம் இப்படிச் செய்ய முடியாது. 1896ல் இத்தாலியின் ஷிப்பியோனே ரிவா ரோச்சி, கையைச் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையையும் பாதரசக் குழாயையும் சேர்த்து ஒரு கருவி அமைத்தார். அதில் மேல் அளவு மட்டுமே நம்பகமாகத் தெரிந்தது. 1905ல் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கொலாய் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காற்றை மெல்ல இறக்கும்போது ஒரு கட்டத்தில் தட்டும் ஓசை தொடங்குகிறது, இன்னொரு கட்டத்தில் அடங்கிப்போகிறது. தொடங்கும் இடம் மேல் அளவு, அடங்கும் இடம் கீழ் அளவு.

கருவி எளிதானதும் அதைப் பெரிய அளவில் பயன்படுத்தத் தொடங்கியவை ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் நிறுவனம் 1907லேயே விண்ணப்பதாரர்களின் ரத்த அழுத்தத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டது. பாலிசி எடுத்தவர் எப்போது இறப்பார் என்பது அவர்களுக்குப் பணப் பிரச்சினை. அழுத்தம் அதிகமுள்ளவர்களுக்கு இழப்பீடு சீக்கிரம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர்களுடைய கணக்குப் புத்தகம் விரைவிலேயே காட்டிக்கொடுத்தது. மருத்துவ உலகமோ அதே எண்களின் சராசரியைப் பார்த்து, இருபது வயதினரைவிட அறுபது வயதினருக்கு அழுத்தம் கூடுதல், ஆகவே அறுபதில் கூடுதலாக இருப்பது இயல்பு என்று முடிவு கட்டியது. பலருக்கும் இருப்பது ஒன்று. உடலுக்கு நல்லது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க, ஆரோக்கியமானவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து யாருக்கு என்ன ஆகிறது என்று குறித்துவைக்கும் ஆய்வு தேவைப்பட்டது.

ரூஸ்வெல்ட் இறந்து மூன்றாண்டு கழித்து, 1948 ஜூனில், அவருக்கு அடுத்து வந்த அதிபர் ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 30 முதல் 62 வயதுவரையுள்ள 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அவர்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எல்லாம் பதிவாயின. வயதுக்கேற்ற பிரஷர் என்ற கருத்து அந்தப் பதிவுகளில் கரைந்துபோனது. எந்த வயதிலும், அழுத்தம் கூடியவர்களுக்கே ஆபத்தும் கூடியிருந்தது.

2002ல் லான்செட் இதழில் வந்த இன்னொரு ஆய்வு, உலகெங்கும் நடந்த 61 ஆய்வுகளிலிருந்து பத்து லட்சம் பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்தது. 40 முதல் 69 வயதுவரை, மேல் அளவு 20 ஏறினாலோ கீழ் அளவு 10 ஏறினாலோ பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு இரு மடங்கானது. இந்த ஏற்றம் 140ல் தொடங்கவில்லை, 115/75லிருந்தே தொடங்கியது. எண்பதைத் தாண்டியவர்களிடம் இந்தப் பெருக்கம் நாற்பது வயதினரிடம் இருப்பதைவிடக் குறைவு. ஆனால் அந்த வயதில் பக்கவாதமே அடிக்கடி வருவதால், அழுத்தம் காரணமாகக் கூடுதலாக இறப்பவர்களின் எண்ணிக்கை அங்கேதான் பெரிது.

தொட்டிலிலிருந்து

வயதுக்கு வயது அளவு மாறவேண்டியது உண்மையில் குழந்தைப் பருவத்தில்தான். பிறந்த அன்று குழந்தையின் மேல் அளவு 70க்குப் பக்கத்தில் இருக்கும். முதல் சில வாரங்களில் விரைவாக ஏறும். பிறகு உடல் வளர வளர மெதுவாகக் கூடி, பத்து வயதில் 100ஐ ஒட்டி வரும். உயரமான குழந்தைக்கு ரத்தத்தை அதிகத் தொலைவு தள்ளவேண்டும். அதனால்தான் குழந்தை மருத்துவர்களிடம் ஒற்றை எண் கிடையாது. வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்து அட்டவணையில் பார்க்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு 120/80 என்றால், பெரியவர்களுக்கு நல்ல அளவாயிற்றே என்று விட்டுவிட முடியாது. அந்த வயதில் அது அதிகம். அவ்வளவு சின்ன வயதில் அழுத்தம் கூடினால் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது சிறுநீரகத்தை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் மூன்று வயதிலிருந்தே ஆண்டுதோறும் அளக்கச் சொல்கிறது. அதன் 2017ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, 13 வயதானதும் அட்டவணை போய்ப் பெரியவர்களுக்கான எண்களே பொருந்தும். அதாவது 120/80க்குக் கீழே.

பதின்மூன்றில் வரும் அந்த எண்தான் எழுபதிலும் நல்ல எண். நடுவில் மாறுவது அழுத்தம் ஏறும் காரணம்.

இருபது, முப்பதுகளில் அழுத்தம் ஏறினால் பெரும்பாலும் சிக்கல் சிறு தமனிகளில் இருக்கும். அவை இறுகி ரத்தத்துக்கு வழிவிடத் தயங்குகின்றன. சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்துவைக்கிறது. உடல் எடை இரண்டையும் மோசமாக்குகிறது. இந்த வயதில் கீழ் அளவு தனியாகவோ மேல் அளவோடு சேர்ந்தோ ஏறுவது வழக்கம். உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரியாததால், இளைஞர்கள் பெரும்பாலும் வேறு எதற்காகவோ டாக்டரிடம் போகும்போதுதான் இது தெரியவருகிறது. இன்னொரு பக்கம், மெலிந்த இளம்பெண் ஒருத்திக்கு 95/60 என்று வந்தால் வீட்டில் ‘லோ பிரஷர்’ என்று பதறி உப்புப்போட்ட எலுமிச்சைச் சாறு கரைத்துக் கொடுப்பார்கள். மயக்கமோ தலைசுற்றலோ இல்லாதவரை அது குறை அல்ல, கொடுப்பினை.

மாதவிடாய் நிற்கும்வரை பெண்களின் சராசரி ஆண்களைவிடக் குறைவாகவே இருக்கும். பிறகு விரைவாக ஏறி, அறுபதுகளில் ஆண்களை எட்டிப்பிடிக்கும். கர்ப்பம் தனிக் கதை. நடு மாதங்களில் அழுத்தம் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். ஆகவே இருபது வாரத்துக்குப் பிறகு 140/90ஐத் தொட்டால் டாக்டர்கள் உடனே சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கிறார்கள். அப்படி ஏறியவர்களுக்குப் பிரசவத்தோடு எல்லாம் சரியாகிவிட்டாலும், பிற்காலத்தில் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு கூடுதல். அந்தப் பழைய தகவலை நாற்பது வயதில் பார்க்கும் டாக்டரிடம் சொல்லும் பெண்கள் குறைவு.

ஐம்பதைக் கடந்ததும் ஆட்டம் மாறுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தத்தை முதலில் வாங்கிக்கொள்வது பெருந்தமனி. அது விரிந்து கொடுத்து அடியை வாங்குகிறது. துடிப்புகளுக்கு நடுவே சுருங்கி, வாங்கிய ரத்தத்தை முன்னே தள்ளுகிறது. விரிவதால் மேல் அளவு கட்டுக்குள் நிற்கிறது, சுருங்குவதால் கீழ் அளவு விழாமல் நிற்கிறது. இந்த நெகிழ்வைத் தருவது எலாஸ்டின் என்ற புரத இழை. உடல் இதைப் பெரும்பாலும் கருப்பையிலும் குழந்தைப் பருவத்திலும் உண்டாக்கி முடித்துவிடுகிறது. பிறகு புதிதாகச் சேர்வது அற்பம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். அறுபது வயதில் இருநூறு கோடியைத் தாண்டிவிடும். இத்தனை முறை விரிந்து சுருங்கிய இழைகள் அறுகின்றன, விறைப்பான கொலாஜன் சுமையை ஏற்கிறது. வெயிலில் காய்ந்த பழைய சைக்கிள் ட்யூப்போலப் பெருந்தமனி இறுகிப்போகிறது. விரிய மறுப்பதால் மேல் அளவு எகிறுகிறது; சேமித்துவைத்துத் தள்ள எதுவும் இல்லாததால் கீழ் அளவு இறங்குகிறது. முதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் 165/70 போன்ற எண்களுக்கு இதுதான் விளக்கம். கீழ் அளவு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆறுதல் அடைபவர்கள் தவறான எண்ணைப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி விரிவதே தமனி இறுகியதற்கான அடையாளம்.

ஏறாத இடங்கள்

வயதோடு வரும் இந்த ஏற்றம் எல்லா மனிதருக்கும் விதிக்கப்பட்டதா?

1988ல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களைச் சேர்ந்த பத்தாயிரம் பேரிடம் ரத்த அழுத்தத்தையும், சிறுநீரில் ஒரு நாளில் வெளியேறும் உப்பையும் அளந்தது. அவற்றில் நான்கு இடங்கள் தனித்து நின்றன. பிரேசிலில் யானோமாமி மக்கள், ஷிங்கு மக்கள், பாப்புவா நியூகினியின் மலைவாசிகள், கென்யாவின் ஒரு கிராமப்புறக் குழு. இவர்கள் சாப்பிடும் உப்பு மிகக் குறைவு. யானோமாமிகளின் சராசரி 95/61ஐ ஒட்டி இருந்தது. வயதோடு ஏற்றமும் ஏறக்குறைய இல்லை.

அவர்கள் மரபணுவே அப்படியோ என்ற சந்தேகத்துக்கு 2018ல் வெனிசுவேலாக் காட்டிலிருந்து வந்த ஓர் ஆய்வு பதில் தந்தது. யானோமாமிகளின் அண்டை வீட்டார் யெக்வானா மக்கள். அவர்கள் ஊரில் விமானம் இறங்கும் ஓடுதளம் உண்டு. உப்பும் கடைச் சாப்பாடும் உள்ளே வருகின்றன. யானோமாமிகளுக்கு ஒரு வயதிலிருந்து அறுபது வயதுவரை அளவு நகரவில்லை. யெக்வானாக்களுக்கு நகர்ந்தது. பத்து வயதிலேயே இரு குழுவுக்கும் ஏறக்குறைய 6 வித்தியாசம். ஐம்பது வயதில் 16. கென்யாவின் மேற்குக் கிராமங்களிலிருந்து நைரோபிக்குப் பிழைக்கப்போன லூவோ இளைஞர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், நகரத்துக்கு வந்த சில மாதங்களுக்குள்ளேயே அவர்களின் அழுத்தம் ஊரிலேயே இருந்தவர்களைவிடக் கூடிவிட்டது.

எல்லாப் பழியையும் உப்பின் தலையில் போடவும் முடியாது. இத்தாலியின் உம்ப்ரியா பகுதியில் மாரியோ டிமியோ குழுவினர், மடத்தைவிட்டு வெளியே வராத 144 கன்னியாஸ்திரீகளையும், அதே பகுதியின் 138 குடும்பப் பெண்களையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். ஆரம்பத்தில் இரு தரப்பு அளவும் ஒன்று. சாப்பிட்ட உப்பிலும் பெரிய வேறுபாடு இல்லை. குடும்பப் பெண்களுக்கு வயதோடு அழுத்தம் ஏறியது. மௌனமும் பிரார்த்தனையும் ஒழுங்கான வேலையுமாக வாழ்ந்த கன்னியாஸ்திரீகளுக்கு ஏறவில்லை. மன அமைதி என்று இதை ஒரே சொல்லில் அடக்கிவிடலாம்தான். ஆனால் பிள்ளைப்பேறு, வேலைச் சுமை, தூக்கம், பணக்கவலை என்று எத்தனையோ இழைகள் அந்த வேறுபாட்டில் பின்னிக்கிடக்கின்றன.

யானோமாமிபோலத் தமிழர்கள் சாப்பிடப்போவதில்லை. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இந்தியர்களின் சராசரி 8 கிராமுக்குக் குறையாது. நம் வீடுகளில் அதில் பெரும்பங்கு சோற்றிலும் குழம்பிலும் நாமே போடுவது. மிச்சம் ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு வழியே வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 வயதைத் தாண்டிய இந்தியப் பெண்களில் 21 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 24 சதவீதத்தினருக்கும் அழுத்தம் கூடுதலாக இருக்கிறது, அல்லது அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

முதியவர்களுக்கு மாத்திரை எதற்கு?

நடுத்தர வயதினருக்கு மருந்து பலன் தருகிறது என்பது 1967ல் எட்வர்ட் ஃபிரீஸ், அமெரிக்க முன்னாள் போர்வீரர் மருத்துவமனைகளில் 143 ஆண்களிடம் நடத்திய சோதனையில் உறுதியானது. முதியவர்கள் விஷயத்தில் தயக்கம் நீடித்தது. இறுகிய குழாய்க்கு அந்த அழுத்தம் தேவை என்ற மெக்கின்டையர் காலத்து வாதம் அங்கேதான் கடைசியாகப் பதுங்கியிருந்தது.

1991ல் வெளியான ஷெப் சோதனை அதை நேரடியாகத் தொட்டது. அறுபதைத் தாண்டிய 4,736 பேர். எல்லோருக்கும் மேல் அளவு 160 அல்லது அதற்கு மேல், கீழ் அளவு 90க்குக் கீழே. பாதிப் பேருக்கு விலை மலிவான குளோர்தாலிடோன் மாத்திரை, தேவைப்பட்டால் இன்னொன்று. மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஐந்தாண்டில் வெறும் மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 8.2 பேருக்குப் பக்கவாதம் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 5.2 பேருக்கு. 2008ல் ஹைவெட் சோதனை எண்பதைத் தாண்டிய 3,845 பேரை எடுத்துக்கொண்டது. இலக்கு மிதமானதுதான், 150/80. மருந்து பெற்றவர்களிடையே இறப்பு 21 சதவீதம் குறைந்ததால், மற்றவர்களுக்குத் தொடர்ந்து மருந்து மறுப்பது சரியல்ல என்று சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2015ல் ஸ்பிரின்ட் சோதனை 9,361 பேரிடம் மேல் அளவுக்கான இலக்குகளாக 140ஐயும் 120ஐயும் போட்டியிட வைத்தது. 120ஐ இலக்காகக் கொண்டவர்களுக்கு இதயநோய் நிகழ்வுகள் கால் பங்கு குறைந்தன. 75ஐத் தாண்டியவர்களுக்கும் பலன் தெரிந்தது. கூடவே தாழ்ந்த அழுத்தம், மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவையும் அதிகமாயின.

இந்தச் சோதனைகளின் எண்களை வீட்டுக் கருவியின் எண்களோடு ஒப்பிடுவதில் ஒரு கண்ணி உண்டு. ஸ்பிரின்ட்டில் நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, தானியங்கிக் கருவி பலமுறை அளந்து சராசரி எடுத்தது. மாடிப்படி ஏறிவந்து, டோக்கன் வாங்கி, பேசிக்கொண்டே கையை நீட்டும்போது கிடைக்கும் எண் வேறு. பேச்சு ஏற்றும், கால்மேல் கால் போட்டால் ஏறும், முட்டிய சிறுநீர் ஏற்றும், பருத்த கையில் சின்னப் பட்டை சுற்றினால் ஏறும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில் மேசையில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து சராசரி பார்ப்பதே முறை. வீட்டில் அளந்து 135/85 வருவது, மருத்துவமனையில் 140/90 வருவதற்குச் சமம்.

கோடு எங்கே என்பதில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்க வழிகாட்டி 2017லிருந்து 130/80ஐயே உயர் ரத்த அழுத்தம் என்கிறது. இந்தியாவில் 140/90தான் நடைமுறை. வயதுக்கு நூறைக் கூட்டும் வழிகாட்டி எங்கும் இல்லை. எல்லாமே 120/80ஐ ஒட்டிய அளவைத்தான் பெரியவர்கள் எல்லோருக்கும் நல்லதாகக் கொள்கின்றன. வேறுபடுவது எப்போது மாத்திரை தொடங்குவது, எவ்வளவு இறக்குவது என்பதில்.

வயது அந்த இடத்தில் உள்ளே வருகிறது, எண்ணாக அல்ல, உடல் நிலையாக. முதியவரை உட்காரவைத்து அளந்தபின் எழுந்து நிற்கச் சொல்லி மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறை அளப்பது அவசியம். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 சரிந்தால், விடியற்காலையில் கழிப்பறைக்கு எழும்போது விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளக்கூடிய ஆள் அவர். 2024ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி மருந்தின் இலக்காக 120-129ஐ வைத்தாலும், 85ஐத் தாண்டியவர்கள், நலிந்தவர்கள், நின்றால் தலைசுற்றுபவர்கள் ஆகியோருக்கு அதைத் தளர்த்த இடம் தருகிறது. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சி, சந்தைக்கு நடந்து போய்வரும் 85 வயதுக்காரருக்கு 155 என்றால் டாக்டர் மாத்திரையைக் கூட்டக்கூடும். அதே 155, அதே வயது, ஆனால் ஏற்கெனவே இரண்டு முறை விழுந்து, ஏழெட்டு மாத்திரைகளோடு படுக்கையை ஒட்டி வாழ்பவர் என்றால், முதலில் எந்த மாத்திரையை நிறுத்தலாம் என்று பார்ப்பார்.